மவுண்டன் லாரலும் ஷீப் லாரலும்: எப்படிப் பிரித்துப் பார்ப்பது, எதை எங்கே வைப்பது

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வீடு வாங்கியிருக்கிறீர்கள். கொல்லைப் பக்கம் ஓக் மரங்கள் தொடங்கும் இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த ஒரு பழைய புதர் நிற்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் அதை மவுண்டன் லாரல் என்கிறார். நீங்கள் நர்சரியில் வாங்கிவந்த முழங்கால் உயரச் செடியின் சீட்டில் ஷீப் லாரல் என்று இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானா, சின்னது வளர்ந்தால் பெரியதாகுமா, வாசலில் எதை வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். கடைசியாக, போகிற போக்கில், 'லாரல் இலை என்றால் பிரியாணி இலைதானே, சமையலுக்கு ஆகுமா' என்று ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் காத்திருக்கலாம்.

சமையலுக்கு ஆகாது. ஒரு இலைகூட ஆகாது. கடையில் பே லீஃப் என்று விற்கும் மத்தியதரைக்கடல் பக்கத்து இலையும், நம் பிரியாணியில் போடுகிற, மூன்று நரம்பு நீளவாக்கில் ஓடும் இலையும் லவங்கப்பட்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. உங்கள் தோட்டத்தில் இருக்கும் இரண்டும் கல்மியா என்ற பேரினத்துச் செடிகள். அவற்றின் சொந்தக்காரர்கள் ரோடோடெண்ட்ரான், அசேலியா, புளூபெர்ரி. நீலகிரியில் சோலை ஓரங்களில் சிவப்பாகப் பூக்குமே காட்டுப்பூவரசு, அதுவும் இந்தக் குடும்பம்தான். லாரல் என்ற பெயர், வழுவழுப்பான தடித்த இலையைப் பார்த்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் வைத்தது. கல்மியா இலையைக் கசக்கி முகர்ந்தால் பிரியாணி இலையின் மணம் துளியும் வராது. ஆனால் காய்ந்த இலை ஒன்றைத் தனியாக மேசையில் வைத்தால் சமையலறையில் ஏமாறுகிறவர்கள் இருப்பார்கள். அதனால் கிள்ளிய கிளைகளைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

இரண்டிலும் இருக்கும் நஞ்சு கிரயானோடாக்சின் வகையைச் சேர்ந்தது. நரம்பு, தசை செல்களில் சோடியம் போய்வரும் வாசல்கள் திறந்து மூட வேண்டும். இது அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வாயில் எச்சில் ஊறுவது, வாந்தி, தலைசுற்றல், நாடித்துடிப்பு குறைவது, ரத்த அழுத்தம் இறங்குவது என்று அறிகுறிகள் வரும். இலை, பூ, தண்டு, தேன் எல்லாவற்றிலும் உண்டு. ஷீப் லாரலுக்கு 'ஆட்டுக்குட்டிக்கொல்லி' என்ற அர்த்தத்தில் நாட்டுப்புறப் பெயரே இருப்பதால் பலர் அது அதிக விஷம், பெரியது சாது என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படித் தரம் பிரிக்க அந்தப் பெயர் போதாது. சின்னது ஆட்டின் வாய் எட்டும் உயரத்தில், மேய்ச்சல் நிலத்திலேயே வளர்கிறது, பழி அதற்கு அதிகம் சேர்ந்தது. ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இரண்டையும் ஒரே மாதிரிதான் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணக்கிலும் அப்படியே. நான் தோட்டக்கலை படித்து நர்சரிகளில் வேலை பார்ப்பவன், மருத்துவன் கிடையாது. குழந்தை இலையையோ பூவையோ மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அமெரிக்க நச்சு உதவி எண்ணை (1-800-222-1222) அழையுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் நேரே 911.

தேன் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை வைத்துத்தான் நிறையக் கதை சுற்றுகிறது. கல்மியாத் தேனால் மனிதர்களுக்கு உடம்பு கெடும் என்பது உண்மை. 1790 இல் பிலடெல்பியா சுற்றுவட்டாரத்தில் காட்டுத்தேன் சாப்பிட்டவர்கள் இறந்த சம்பவத்தைப் பிறகு பெஞ்சமின் ஸ்மித் பார்ட்டன் என்ற தாவரவியலாளர் எழுதிவைத்தார், பழி மவுண்டன் லாரல் மேல் விழுந்தது. அன்றைக்குத் தேனைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வுக்கூட வசதி கிடையாது என்பதால், குற்றவாளி இந்தச் செடிதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நஞ்சு ஒத்துப்போகிறது, இடமும் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். உங்கள் கொல்லையில் ஒரு புதர் இருப்பதால் கடைத்தேனுக்கு ஒன்றும் ஆகிவிடாது. பல பூக்களின் தேன் கலக்கும்போது இதன் பங்கு கரைந்துபோகும்.

சரி, இப்போது செடிகளுக்கு வருவோம். சின்னது வளர்ந்து பெரியதாகாது. கல்மியா லாட்டிஃபோலியா என்பது மவுண்டன் லாரல், கல்மியா அங்குஸ்டிஃபோலியா என்பது ஷீப் லாரல். இரண்டுக்கும் 1753 இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயர் வைத்தார், ஒன்று 'அகல இலை', மற்றது 'குறுகிய இலை' என்ற பொருளில். பேரினத்தின் பெயர் அவருடைய மாணவர் பேர் கால்மைக் குறிக்கிறது. 1748 முதல் 1751 வரை வட அமெரிக்காவில் சுற்றி, செடிகளையும் விதைகளையும் சேர்த்து எடுத்துப்போனவர் அவர். மவுண்டன் லாரல் இலை சில மிருகங்களுக்கு விஷம், மான்களுக்கு உணவு என்று கால்ம் தன் பயணக் குறிப்பில் அன்றே எழுதியிருக்கிறார். அந்த மான் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், உங்களுக்கு அது தேவைப்படும்.

பிரித்து அடையாளம் காண, உயரத்தையும் நிறத்தையும் நம்பாதீர்கள். வெயில் கிடைக்காத மவுண்டன் லாரல் பல வருடம் இடுப்பளவிலேயே நிற்கும். குட்டை ரகங்களும் விற்கிறார்கள். ஷீப் லாரல் பூ பொதுவாக அடர் ரோஜா நிறம், மவுண்டன் லாரல் வெள்ளையிலிருந்து வெளிர் ரோஜா வரை என்று புத்தகங்கள் சொல்வது காட்டுச் செடிகளுக்குச் சரி. நர்சரிக்காரர்கள் கலந்து எடுத்த ரகங்களில் சிவப்பு மொட்டும் உண்டு, பட்டை போட்ட பூவும் உண்டு. அதனால் இரண்டே இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, பூங்கொத்து கிளையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. மவுண்டன் லாரலில் கொத்து கிளையின் நுனியில் இருக்கும். அதற்கு மேலே ஒன்றும் இருக்காது, புதர் முழுக்கப் பூவால் மூடியதுபோல் தெரிவது அதனால்தான். ஷீப் லாரலில் கொத்துகள் போன வருடத்து இலைகளின் கக்கத்தில், தண்டைச் சுற்றிப் பக்கவாட்டில் வரும். நுனியிலிருந்து இந்த வருடத்து இளந்தளிர் அவற்றையும் தாண்டி மேலே நிமிர்ந்து நிற்கும். பூவுக்கு மேல் வெளிர் பச்சைக் குஞ்சம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பூ உதிர்ந்த பிறகும் இது உதவும், ஏனென்றால் சின்னச் சின்ன உருண்டைக் காய்கள் அதே இடத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். நுனியில் காய் என்றால் பெரியவர், நடுத்தண்டில் காய் என்றால் சின்னவர்.

இரண்டாவது, இலை அடுக்கு. ஷீப் லாரலில் ஒரே கணுவிலிருந்து மூன்று இலைகள் சுற்றிலும் கிளம்பும். சில தண்டுகளில் இரண்டிரண்டாகவும் வரலாம். இலை குறுகலாக, பொதுவாக 2 முதல் 6 சென்டிமீட்டர் நீளத்தில், பழைய இலைகள் கீழே தொங்கியபடி இருக்கும். மவுண்டன் லாரலில் இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும், 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், மேல்பக்கம் கரும்பச்சையில் பளபளக்கும். இங்கேதான் பலர் தடுமாறுவது: மவுண்டன் லாரலின் கிளை நுனியில் இலைகள் நெருக்கியடித்துக்கொண்டு வட்டமாக வருவதுபோலத் தெரியும். நுனியை விட்டுவிட்டு, ஒரு சாண் கீழே இலை உதிர்ந்த தழும்புகளைப் பாருங்கள். தழும்புகள் மாறி மாறி இருந்தால் மவுண்டன் லாரல். மூன்று தழும்பு ஒரே மட்டத்தில் வளையமாக இருந்தால் ஷீப் லாரல்.

பூவின் அளவும் துணைச் சாட்சி. பெரியதன் பூ 2 முதல் 2.5 சென்டிமீட்டர் அகலம், சின்னதன் பூ ஏறக்குறைய 1 சென்டிமீட்டர். ஆனால் இரண்டின் பூவும் வேலை செய்கிற விதம் ஒன்றே, ஜூன் மாதத்தில் ஒரு பத்து நிமிடம் அதற்காக ஒதுக்குங்கள். மவுண்டன் லாரல் மொட்டு மடிப்பு மடிப்பாக, கைதேர்ந்தவர் பிடித்த மோதகம் மாதிரி இருக்கும். அந்த மடிப்புகளுக்கு நடுவே பத்து சின்னப் புடைப்புகள். பூ கிண்ணமாக விரியும்போது பத்து மகரந்தத் தாள்களின் தலைகளும் அந்தப் புடைப்புகளுக்குள் மாட்டிக்கொள்ள, தாள்கள் பின்னோக்கி வளைந்து விறைத்து நிற்கும். பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீ வந்து இறங்கிக் காலால் ஒரு தாளை இடறினால் அது சட்டென்று விடுபட்டு நடுவை நோக்கிச் சுண்டும், மகரந்தம் பூச்சியின் மேல் தெறிக்கும். தேனீக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒரு புல் நுனியால் தொட்டுப் பாருங்கள், புதிதாக விரிந்த பூவாக இருக்க வேண்டும். சின்னதன் பூவிலும் இதே பொறிதான், லென்ஸ் இருந்தால் நல்லது. அப்புறம் கையைக் கழுவிவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு பங்காளியும் உண்டு, போக் லாரல் என்பார்கள், கல்மியா போலிஃபோலியா. சதுப்பில் மட்டும் வளர்வது. அதன் இலைகள் ஜோடி ஜோடியாக, ஓரம் உள்ளே சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளையாக இருக்கும், கொத்து நுனியில் வரும். வீட்டுத் தோட்டத்தில் நீங்கள் அதைச் சந்திக்க வாய்ப்பு குறைவு. தெற்கே கரோலினா பக்கத்து ஷீப் லாரலை, இலையின் அடிப்பக்கம் சாம்பல் நிற மயிர் இருப்பதால் சிலர் தனிச் சிற்றினம் என்கிறார்கள், சிலர் ஷீப் லாரலின் ஒரு வகை என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அது இன்னும் முடியாத வழக்கு. கனெக்டிகட்டில் உங்களுக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை.

எனக்கு இந்த இரண்டையும் பிரிக்கிற பெரிய வித்தியாசம் தரைக்குக் கீழேதான் இருப்பதாகத் தோன்றும். மவுண்டன் லாரல் அடித்தண்டில் மரக்கட்டி போல ஒரு முண்டு வைத்துக்கொள்ளும். மேலே வெட்டினாலும் எரிந்தாலும் அந்த முண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும், இருக்கிற இடத்திலேயே. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் புகைக்குழாய் செய்ய ஐரோப்பியக் கட்டை வராமல் போனபோது அமெரிக்காவில் இந்த முண்டைத் தோண்டி எடுத்துக் குழாய் கடைந்தார்கள் என்றால் அதன் கடினத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷீப் லாரல் வேறு வழி. மண்ணுக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாகத் தண்டுகளை ஓடவிட்டு, அங்கங்கே தலையை நீட்டிக் காலனி அமைக்கும். மேய்ன் மாநிலத்துக் காட்டு புளூபெர்ரி வயல்களில் இது களை. வயலை எரித்தாலும் கீழிருந்து வந்துவிடும். நியூஃபவுண்ட்லாந்திலும் கிழக்குக் கனடாவிலும் காடு வெட்டிய இடங்களை, தீ போன இடங்களை இது பிடித்துக்கொள்ள, கருப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் கன்றுகள் திணறி நிற்கின்றன. இது வேதிப்பொருளை விட்டுக் கன்றுகளை அமுக்குகிறதா, அல்லது இதன் சருகு மண்ணில் தழைச்சத்தைப் பூட்டி வைப்பதால் கன்று பட்டினி கிடக்கிறதா என்று ஆராய்ச்சியாளர்கள் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம், அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை வைத்தே உங்கள் வாசல் கேள்விக்கு வரலாம். படிக்கட்டு ஓரத்தில் ஒரு செடி அடக்கமாக, அழகாக நிற்க வேண்டும் என்றால் ஷீப் லாரல் பொருத்தமில்லை. நாலைந்து வருடத்தில் மெலிந்த தண்டுகளாக அக்கம்பக்கம் பரவும், நடுவில் இடைவெளி விடும், பூவும் இலைக்குள் பாதி ஒளிந்திருக்கும். அதற்கென்று ஒரு அழகு இருக்கிறது, ஆனால் அது ஒரு சரிவு முழுக்கப் பரவவிட்டால்தான் தெரியும். தண்ணீர் தேங்குகிற ஓரம், வேறு எதுவும் வராத மணல் மேடு, கொல்லையில் காட்டை ஒட்டிய இடம் இவற்றுக்கு அது தங்கமான செடி. ஈரச் சதுப்பிலும் நியூ ஜெர்சி பைன் பேரன்ஸ் மணலிலும் ஒரே செடி வளர்கிறது என்றால் அதன் தாக்குப்பிடிக்கும் குணம் புரியும். குளிரையும் பெரியவரைவிட அதிகம் தாங்கும். மவுண்டன் லாரலுக்குத் தண்ணீர் தேங்கினால் ஆகாது, பாறைச் சரிவும் ஓக் நிழலும்தான் அதன் வீடு.

வாசலுக்குச் சின்ன உருவம்தான் வேண்டும் என்றால் மவுண்டன் லாரலிலேயே குட்டை ரகம் கேளுங்கள். 'எல்ஃப்', 'மினுயெட்' இரண்டும் மூன்றடி வாக்கில் நின்றுவிடும். 'எல்ஃப்' இளஞ்சிவப்பு மொட்டு, கிட்டத்தட்ட வெள்ளைப் பூ. 'மினுயெட்'டில் உள்ளே கருஞ்சிவப்பு வளையம். உங்கள் மாநிலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஜேன்ஸ் என்பவர்தான் இந்தச் செடியின் ரகப் பெருக்கத்துக்குப் பெரும் காரணம். மவுண்டன் லாரல் குச்சி வைத்தால் லேசில் வேர் பிடிக்காது. அதனால் நல்ல ரகம் கிடைத்தாலும் பல வருடங்கள் பெருக்க முடியாமல் கிடந்தது, செடியின் துளித் திசுவை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கன்றாக்கும் திசு வளர்ப்பு வந்த பிறகுதான் நர்சரிகளில் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் குழந்தை கைக்கெட்டும் உயரத்தில் பூவோடு ஒரு குட்டைச் செடியை வாசலில் வைப்பதா என்பதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். நானாக இருந்தால் குழந்தைக்கு நாலைந்து வயதாகும்வரை வாசலில் வேறு எதையாவது வைத்துவிட்டு, இவற்றைக் கொல்லையோடு நிறுத்திக்கொள்வேன்.

வாசலில் வைக்காமலிருக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு செடிக்கும் அமில மண் வேண்டும், பி.எச். 4.5 முதல் 5.5 வரை. வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டிய மண்ணில் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பு மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். புல்தரைக்கு வசந்த காலத்தில் சுண்ணாம்பு தூவும் வழக்கமும் அங்கே உண்டு. அப்படிப்பட்ட மண்ணில் நரம்பு பச்சையாக இருக்க இலை மஞ்சளாகும். மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது, உரம் போட்டுத் தீராது. காப்பித்தூள் போடலாமா என்று நம்மவர்கள் கட்டாயம் கேட்பார்கள். வடிகட்டிய தூளில் இருந்த அமிலம் பெரும்பாலும் டிகாக்‌ஷனோடு போய்விடும், மிச்சம் உரக்குழிக்கு ஆகும், மண்ணைப் புளிக்க வைக்காது. மண்ணைப் பரிசோதித்துவிட்டு, தேவையென்றால் அந்த அறிக்கையில் சொன்ன அளவு கந்தகம் போடுங்கள். மேலே சொன்ன ஆராய்ச்சி நிலையத்திலேயே மண் பரிசோதனை செய்து கொடுக்கிறார்கள்.

நடும்போது செய்கிற தவறு அநேகமாக ஒன்றுதான், ஆழம். இவற்றின் வேர் நூல் மாதிரி மெல்லியது, மேல்மண்ணிலேயே பரவுவது. குழியை அகலமாக வெட்டுங்கள், ஆழமாக வேண்டாம். வேர்க்கட்டியின் மேல்மட்டம் தரைக்கு ஒரு விரல்கடை மேலே நிற்கட்டும். தொட்டிக்குள் சுற்றிக்கொண்ட வேர்களைக் கையால் பிரித்துவிடாமல் நட்டால் இரண்டு வருடம் கழித்துச் செடியை இழுத்தால் தொட்டி வடிவத்திலேயே வெளியே வரும், நர்சரியில் திரும்பி வரும் செத்த செடிகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். மேலே பைன் பட்டை அல்லது ஓக் சருகு மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டி அல்ல. அருகில் கருப்பு வால்நட் மரம் இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், அதன் வேர் விடும் பொருள் மவுண்டன் லாரலுக்கு ஒத்துக்கொள்ளாது.

கொல்லையில் இருக்கும் பழைய புதரை அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். மெதுவாக வளர்கிற ஜாதி, அந்த உயரம் வருவதற்குக் காலம் எடுத்திருக்கும். 1907 இலேயே கனெக்டிகட் இதைத்தான் மாநில மலராக ஏற்றுக்கொண்டது. பென்சில்வேனியா 1933 இல். கீழே வெறும் குச்சியாகவும் மேலே மட்டும் இலையாகவும் இருந்தால் மேலிருக்கும் ஓக் கிளைகளில் சிலதைக் கழித்துக் காலை வெயில் விழ வையுங்கள், பூ கூடும். இலையில் ஊதா ஓரம் போட்ட புள்ளிகள் வந்தால் பூஞ்சை. நெருக்கமும் ஈர நிழலும்தான் அதற்குக் காரணம், மருந்தைவிடக் காற்றோட்டம் உதவும். கவாத்து செய்வதாக இருந்தால் பூ உதிர்ந்த உடனே செய்யுங்கள், அடுத்த வருடத்து மொட்டு இலையுதிர் காலத்துக்கு முன்பே நுனியில் உருவாகிவிடும். ரொம்பவும் கிழடு தட்டியிருந்தால் அடியோடு வெட்டலாம், முண்டிலிருந்து துளிர்க்கும், ஆனால் திரும்பப் பூப்பதற்குச் சில வருடம் பொறுக்க வேண்டும். வாடிய கொத்துகளைக் காயாகும் முன் கிள்ளிவிட்டால் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மட்டும் பூக்கும் தொல்லை குறையும்.

மான் விஷயம். விஷச் செடி, மான் தொடாது என்று நர்சரிச் சீட்டில் எழுதியிருக்கும், நம்ப வேண்டாம். பனி மூடி வேறு தீனி கிடைக்காத பிப்ரவரியில் மவுண்டன் லாரலை நெஞ்சுயரம் வரை மொட்டையடித்துவிடும். புதிதாக வைத்த செடிக்கு முதல் சில குளிர்காலங்களில் கம்பிவலை சுற்றுங்கள்.

நீங்கள் வாங்கிவந்த செடியின் படம் ஒன்று அனுப்பியிருக்கிறீர்கள், அதில் நுனி இலைகள் மட்டும் தெரிகின்றன, அதை வைத்து நான் பெயர் சொல்ல மாட்டேன். சீட்டுகள் மாறுவது நர்சரியில் சாதாரணம். தண்டின் நடுப்பகுதியில் இலைக்கணு தெரிகிற மாதிரி ஒன்று, பழைய காய் இருந்தால் அது இருக்கும் இடம் தெரிகிற மாதிரி ஒன்று, இரண்டு படம் எடுத்துப் போடுங்கள், சொல்கிறேன்.